எமல்டாவின் கால் நகங்கள்

இறால் கம்பெனி வாசலில் பெண்களின் கைகளை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் கால்களையும் சோதிக்கத் தொடங்கிய வருடத்தில்தான் எமல்டாவின் கால் நகங்கள் கழன்றன. அவற்றுக்கு அடியில் வேறு நகங்கள் இருந்தன.

அதற்கு முன்பு காலனியில் யாரும் கால் நகத்தைப் பற்றி யோசித்ததில்லை. விடிந்ததும் கம்பெனியின் சங்கு ஊதும். பெண்கள் போய் குளோரின் தொட்டியில் காலை முக்கி எடுத்து, முந்தின ஷிப்டில் யாரோ கழற்றிப்போட்ட, உள்ளே ஈரம் காயாத, வெதுவெதுப்பு ஆறாத ரப்பர் கம்பூட்ஸுக்குள் அந்தக் காலை நுழைத்து, ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் நின்று, இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கால் நகம் முதலில் மஞ்சளாகும், பிறகு தடிக்கும், பிறகு பழைய சிரட்டை போல ஓரம் உதிரும், அடியில் வெள்ளை மாவு சேரும், மாவிலிருந்து ஒரு வாடை வரும். இறால் வாடை எப்போதும் உடம்பில் இருந்ததால் அந்த வாடையை வீட்டில் யாரும் தனியாகக் கண்டுபிடித்ததில்லை. பிறகு, வெளிநாட்டிலிருந்து சரக்கு பார்க்க வந்த ஒருவர் பூட்ஸ் மாற்றும் இடத்தில் சற்று நின்று, வரிசையாக வந்த கால்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அதன்பின் சூப்பர்வைசர் ஸ்டெல்லா மேடம் தினமும் காலையில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியையும் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். கெட்ட நகம் உள்ளவள் வீட்டுக்குப் போகலாம். நல்ல நகம் வந்ததும் திரும்பி வரலாம். பூட்ஸைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே மாலையானால் காலனியின் எல்லா வாசல்களிலும் பேசின்கள் வந்தன. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஒரு கை கல்லுப்பு போட்டு, பிழிந்த எலுமிச்சை மூடியை மிதக்கவிட்டு, தண்ணீர் குளிரும்வரை பெண்கள் காலை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்தார்கள். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் பழைய நூல் சேலைத் துணியால் ஒற்றினார்கள். நகத்தை மூலை வளைக்காமல் நேராக வெட்டி, பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, அடுப்படிக்குக் குதிகாலால் நடந்து போனார்கள். நகங்கள் கொஞ்சம் சுத்தமாயின. காலையில் மறுபடியும் பூட்ஸுக்குள் போயின. மறுபடியும் மஞ்சளாயின.

எமல்டாவும் இதைத்தான் செய்தாள். கூடுதலாக அவள் எதுவும் செய்யவில்லை என்பதைப் பிற்பாடு பலரும் துருவித் துருவி விசாரித்து உறுதிசெய்துகொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து காலை ஊறவைத்திருந்தபோது, அவளுடைய பெருவிரல் நகம் இறால் ஓடு போல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கைப்பழக்கத்தில் அவள் நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி உரித்துவிட்டாள். ரத்தம் வரவில்லை. உள்ளே, சங்கின் உள்வாய் நிறத்தில், கழுவிவைத்தது போல ஒரு நகம் இருந்தது. மற்ற விரல்களையும் உரித்தாள். உரித்த நகங்களை இறால் ஓட்டைக் குவிப்பதுபோல ஒரு பக்கமாகக் குவித்தாள். மகள் ஜெனோபா வந்து பார்த்து, நல்லாருக்கேம்மா என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

எமல்டா அந்தக் காலனிக்கு வந்தது கைக்குழந்தையோடு. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை என்பதற்குமேல் அவள் எதையும் சொன்னதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் தெற்கே என்று மட்டும் சொல்வாள். அந்தக் குழந்தை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிறகும் காலனிக்காரர்களுக்கு அவள் வந்தேறிதான். சடங்கு வீட்டுப் பந்தியில் கடைசியாகத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். கூரை வரை எட்டாத ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மாரிக்கனி மட்டும்தான் மைனி என்று முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசுவாள். அவளும் சுவரின் மேலாகத்தான் பேசுவாள்.

வீட்டுக்குள் முதலில் வந்ததும் மாரிக்கனிதான். அடுத்த ஞாயிறு எமல்டா புதிய நகங்களின் நுனியை வெட்டிப் போட்டிருந்தபோது, அவள் ஒரு கிண்ணம் புளி கேட்டு வந்து, வெட்டிய துண்டு ஒன்றை மிதித்துவிட்டாள். துண்டு அவளுடைய உளுத்த நகத்தின் வெடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. நகம் கிடக்கும் வீடு விளங்காது என்று எமல்டாவைத் திட்டிக்கொண்டே போனவள், அதற்கடுத்த ஞாயிறு அதே காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அந்த ஒரு விரலில் மட்டும் சங்கு நிறத்தில் நகம் முளைத்திருந்தது.

இருவரும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி நாலு விரலுக்கும் துண்டு இருக்கா மைனி என்று மாரிக்கனி கேட்டாள். எமல்டா கத்திரியை எடுத்தாள்.

செய்தி பரவிய விதத்தில் விசேஷம் ஏதும் இல்லை. தண்ணீர் லாரி வருகிற செய்தி போல அது பரவியது. வாரம் முழுக்க வளர்ந்த நகத்தை ஞாயிற்றுக்கிழமை வெட்டுவது என்றும், ஒரு துண்டை ஒரு கெட்ட நகத்தின் மேல் வைத்துத் துணி சுற்றி மறு ஞாயிறு பிரிப்பது என்றும், கட்டிய அன்று கால் நனையாமல் பார்த்துக்கொள்வது என்றும் தானாகவே ஒரு முறை உண்டாயிற்று. இறால் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள், நங்கூரக் கயிறு விழுந்து நகம் நசுங்கிய ஆண்கள் வந்தார்கள், உப்பளத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டபோது அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பிறகு அவருடைய சமையல்காரம்மா வந்து ஒரு துண்டு வாங்கிப் போனாள். இப்படிக் கொடுக்கிற மருந்துக்கு நன்றி சொன்னால் பலிக்காது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கைம்மாறாக எதையும் கொடுக்கக் கூடாது. போய்ட்டு வாரேன் என்று சொல்லவும் கூடாது, சொன்னால் நோய் திரும்பிவிடும். ஆகவே வந்தவர்கள் நகத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். எமல்டாவுக்கு அதில் குறை எதுவும் தோன்றவில்லை. அதுவரை அத்தனை பேர் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டதில்லை. அவள் வீட்டில் இத்தனை நாற்காலிகள் இல்லையே என்று மாரிக்கனி தன் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள்.

இதற்கிடையில் காலனியின் அந்தக் கோடியில் ஒருத்தி, அவசரத்தில், தன் நாத்தனாரின் நல்ல நகத்தை வெட்டித் தன் விரலில் வைத்துக் கட்டியிருந்தாள். விரல் கறுத்து, வீங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, வேற்று ஆளின் நகத்தைத் தொடுவது விஷத்தைத் தொடுவது போல என்று எல்லோரும் பயந்தார்கள். எமல்டாவின் நகம் மட்டும்தான் யாருக்கும் சேரும் என்று ஆயிற்று.

அப்போது நகங்கள் நன்றாக வளர்ந்தன, வெட்ட வெட்ட வளர்ந்தன. ஆனால் கேட்டு வந்தவர்கள் நகத்தைவிட வேகமாகப் பெருகினார்கள். காலனியில் நாலைந்து பெண்கள் சேர்ந்து, எந்தத் தெருவுக்கு எந்த ஞாயிறு என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மாரிக்கனி தலைவி போல ஆனாள். எமல்டாவை அவர்கள் நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். குடத்தைத் தூக்கவிடவில்லை, விரல் இடித்துக்கொள்ளும் என்று. பாத்திரம் விளக்கவிடவில்லை, நகம் ஊறிப்போகும் என்று. அவள் தெருவில் நடந்தால் குழந்தைகள் முன்னால் ஓடிக் கல்லைப் பொறுக்கிப் போட்டன. ஐஸ் தண்ணீரில் அவள் நிற்கக் கூடாது என்று ஸ்டெல்லா மேடத்திடம் அவர்களே போய்ப் பேசினார்கள். மேடம் சரி என்றாள். மேசையில் எமல்டா நின்று உரித்த இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினாள். வேளாவேளைக்குச் சோறு வந்தது, குழம்பு வந்தது; அதை மருந்துக்குக் கைம்மாறு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தவர்கள் பேசாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். எமல்டா நாள் முழுக்க நாற்காலியில், இன்னொரு நாற்காலியின் மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைந்துபோனதை அவள் அங்கே உட்கார்ந்துதான் கண்டுகொண்டாள். வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே குனிந்துதான் நுழைந்தார்கள்.

முதலில் நுனியை வெட்டினார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டினார்கள். பிறகு, சதையோடு ஒட்டியிருக்கிற பகுதிதான் சீக்கிரம் பலிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தி தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி மடியில் காலைப் பிடித்துக்கொள்ள, மாரிக்கனி மெதுவாகத்தான் வெட்டினாள். கொஞ்சம் பொறுத்துக்கோ மைனி, இந்தா முடிஞ்சுது என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். முடிந்ததும் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். எமல்டா ஒவ்வொரு வாரமும் இனி முடியாது என்று சொல்ல நினைத்து, வரிசையில் நிற்கிறவர்களின் கால்களைப் பார்த்து, அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டாள். மழை தொடங்கியபோது நகங்கள் நின்றுவிட்டன. விரல்களின் நுனி, அங்கே நகம் என்று ஒன்று எப்போதுமே இருந்திராதது போல, வழுவழுவென்று மூடிக்கொண்டது. இன்னும் ஒரு மாதம் பார்த்தார்கள். கை நகத்தை வெட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு மாரிக்கனி தன் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

எமல்டா மறுபடியும் வேலைக்குப் போனாள். ஸ்டெல்லா மேடம் அவளுடைய காலைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தாள். கெட்ட நகம் என்று சொல்ல அவளுக்கு அங்கே நகம் இல்லை, நல்ல நகம் என்று சொல்லவும் இல்லை. நீ ஓரமா நில்லு, கேட்டுச் சொல்றேன் என்றாள். எமல்டா ஓரமாக நின்றாள். அவளைத் தாண்டிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஸ்டூலின் முன்னால் ஏறி இறங்கிய எல்லாக் கால்களிலும் அவளுடைய நகங்கள் இருந்தன. மதியச் சங்கு ஊதியபிறகு அவள் வீட்டுக்கு நடந்தாள். நகமில்லாத விரல்களுக்குத் தரையில் பிடிமானம் கிடைக்கவில்லை. அடிக்கடி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் அவள் வீட்டிலிருந்தபடியே வலைக்கு ஈயம் கோத்துக் கொடுத்தாள். ஒரு நாள் மகளுக்கு நகம் வெட்டும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வெட்டிய துண்டை ஜெனோபா பார்க்காதபோது எடுத்து, தன் சுண்டுவிரலில் வைத்துக் கட்டினாள். மறு ஞாயிறு பிரித்தபோது, மூடிப்போயிருந்த தோலைக் கீறிக்கொண்டு, நெல் முனை போல ஒரு சங்கு நிற நகம் வெளியே வந்திருந்தது. எமல்டா கதவைத் தாழ்போட்டாள். சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, வலை ஊசியால் நெம்பி அந்த நகத்தைப் பிடுங்கி, அடுப்பில் போட்டாள். அன்று மாலையே கடைக்குப் போய் அடர்சிவப்பு நகப்பாலிஷ் வாங்கிவந்து, ஜெனோபாவின் பத்துக் கால் விரல்களிலும் பூசிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் திட்டுவாங்கம்மா என்று பெண் சொன்னாள். ஷூவுக்குள்ள யாருக்குத் தெரியும் என்றாள் எமல்டா. பாலிஷ் உரிய உரியப் பூசிக்கொண்டே இருந்தாள். வெட்டிய நகங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எரித்தாள்.

தவக்காலத்தில் காலனியின் நகங்கள் மறுபடியும் மஞ்சளாகத் தொடங்கின. எல்லோரும் அதே பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா மேடம் மறுபடியும் ஆட்களைத் திருப்பி அனுப்பினாள்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று ஜெனோபாவின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். எமல்டா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாள். மகளுக்கோ, கோயிலில் முதல் முறையாக முன்வரிசையில் உட்காரப் போகிற சந்தோஷம். பீடத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது என்று சிஸ்டர் சொன்னதால், அவளே ஒரு தோழியின் வீட்டில் அதைத் துடைத்துவிட்டுப் போனாள். சாமியார் முழங்காலிட்டு ஒவ்வொரு பாதமாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டுக்கொண்டு வந்தார். அம்மன் கோயிலில் விளக்கேற்றுகிற மாரிக்கனி பெரிய வியாழனுக்கு மாதா கோயிலுக்கும் வந்து நிற்பாள், அன்றும் நின்றாள். தண்ணீர் ஊற்றியதும் ஜெனோபாவின் விரல்களில் வெளிச்சம் பட்டது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வேலைக்குப் போகாத சின்னப் பெண்ணின் கால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர், அம்மாவிடம் இருந்தது பிள்ளையிடம் இல்லாமல் போகுமா என்றார்கள். ரத்தம் ஒன்றுதானே என்றார்கள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் மத்தியானம் அவர்கள் வந்தார்கள். மாரிக்கனி முன்னால் வந்தாள். கையில் பேசின், பேசினில் வேப்பிலை போட்ட வெந்நீர், ஆவி வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒருத்தி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எமல்டா வாசற்படியில் உட்கார்ந்து ஈயம் கோத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, எழுந்தால் வழி விடுவதாகிவிடும்.

"தப்பா நினைக்காத மைனி," என்றாள் மாரிக்கனி. "பிள்ள கால்ல ஒரு சொட்டு ரத்தம் வராது. ஒரே ஒரு துண்டு வெட்டி வச்சுப் பாக்கோம். பலிச்சா பாப்போம், இல்லன்னா விட்ருவோம்."

"எங் காலுக்கும் இப்படித்தான சொன்னிய."

"ஒனக்கு நாங்க என்ன கொறை வச்சோம்? குடிக்கத் தண்ணிகூட ஒன்ன எடுக்க விடலியே."

அதை மாரிக்கனி மனதார நம்பித்தான் சொன்னாள். பின்னால் நின்ற பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாதிப் பேரை மேடம் திருப்பிவிட்டதையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், புருஷன்மார் படகில்லாமல் கிடப்பதையும் அவர்கள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கெஞ்சத்தான் செய்தார்கள். ஆனால் பேசினைக் கீழே வைக்கவில்லை, வாசலை விட்டு நகரவும் இல்லை. எமல்டா அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

"அவ நகம் ஒங்களுக்குச் சேராது," என்றாள். "அவ நான் பெத்த பிள்ள இல்ல."

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். "நேத்து வரைக்கும் பெத்த பிள்ளதான். மூக்கப் பாத்தா ஒன்ன உரிச்சு வச்சாப்புல இருக்கு."

"கூடவே கெடந்து வளந்தா மூக்கும் வரும்."

புருஷன் கடலோடு போன அந்த வருடம், தெற்கே, ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்ததாக எமல்டா சொன்னாள். அதனால்தான் ஊர் பெயரைச் சொல்லவில்லை, சொந்தக்காரர் யாரும் தேடி வராததும் அதனால்தான் என்றாள். அவள் கர்ப்பமாக இருந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. அவளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை. இத்தனை வருடமும் அவளைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாத்தனாரின் நகத்தைக் கட்டி விரலைப் பறிகொடுத்தவளும் கூட்டத்தில் நின்றாள். அவள் முதலில் ஒரு அடி பின்னால் போனாள்.

மாரிக்கனி போகவில்லை. "அவ தலையில அடிச்சுச் சொல்லு," என்றாள்.

பொய்யாக அப்படிச் சத்தியம் செய்தால் அந்தத் தலை வருடம் தாண்டாது. அதை மாரிக்கனி நம்பினாள், காலனி நம்பியது, எமல்டாவும் நம்பினாள். அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். ஜெனோபா புத்தகத்தோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. எமல்டா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உச்சியில் உள்ளங்கையை வைத்தாள். காலையில் அவளே தேய்த்துவிட்ட எண்ணெய் கையில் ஒட்டியது. கையை எடுத்து, ஓங்கி அடித்தாள்.

"இவ தலைமேல சத்தியமா, இவ நான் பெத்தவ இல்ல."

பெண்கள் போனார்கள். நாற்காலியைத் தூக்கி வந்தவள் தூக்கிக்கொண்டு போனாள். மாரிக்கனி மட்டும் நின்று, ஜெனோபாவைப் பார்த்து, பாவம் பிள்ள என்று சொல்லி, அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். வெந்நீரைத் தெருவோரம் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

எமல்டா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஜெனோபா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நெசமாம்மா?"

ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரிக்கனியின் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி எழுந்ததும் அது நின்றது. எமல்டா சுவரைப் பார்த்தாள். நாளைக்கும் அந்தச் சுவர் அங்கேதான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எதையும் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

"நெசந்தான்," என்றாள்.

"அப்ப எங்கம்மா யாரு?"

பேர் தெரியாது என்றாள் எமல்டா. தான் இந்தக் காலனிக்கு வந்திறங்கிய நாளின் தன் முகத்தை நினைத்துக்கொண்டு, கறுப்பா, மெலிஞ்சு, உன் வயசைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும் என்றாள். பயந்த முகமாக இருந்தது, பிள்ளையை விட்டுப்போக மனசில்லாமல்தான் இருந்தாள் என்றாள். ஜெனோபா புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எமல்டாவின் வாயையே பார்த்துக் கேட்டாள்.

"பெறவு அவ என்னத் தேடி வரவே இல்லியா?"

"அவளால வர முடியாது."

"ஏன்? செத்துட்டாளா?"

எமல்டா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு சத்தமும் இல்லை.

"செத்துட்டா மக்களே."

ஜெனோபா வந்து, இத்தனை வருடமும் படுத்த அதே மடியில் தலையை வைத்து, தான் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காக அழத் தொடங்கினாள். எமல்டா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எப்படிச் செத்தாள் என்று பெண் அழுகைக்கு நடுவில் கேட்டாள். எமல்டா சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.